பத்து மணி மின்சாரமும் உமாராணியின் தூக்கமும்

“தூங்குறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, உமா. பத்து மணிக்குத் தூங்குறதுதான் பிரச்சன.”

“ராத்திரி முழுக்க வேல பாத்துட்டு வந்தவ பகல்ல பத்து மணிக்குத் தூங்காம வேற எப்பங்க தூங்குவா?”

“அதத்தான் இன்னைக்குக் கமிட்டி பேசப் போவுது. நீ சும்மா டென்ஷன் ஆவாத லா.”

நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரைகளில் தோன்றின என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அது பழைய பாடம். ஆகக் கடைசி நாகரிகம் மலேசியாவின் கூலிமில், தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டின் ஹாலில், நான்கு வால்வுகளைச் சுற்றித் தோன்றியது. அதன் பெயர் ‘கூலிம் வட்டார வால்வு ஒலி ரசனை மன்றம்’. மேலே பேசிக்கொண்டவர்கள் மன்றத் தலைவர் காளிதாசன் அண்ணனும் அவருடைய மனைவி உமாராணி அக்காவும். அவர்கள் வீட்டு ஹால்தான் எங்கள் தலைமையகம்.

வால்வு என்பது அந்தக் கால ரேடியோப் பெட்டிக்குள் மஞ்சளாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழல். ஓர் இரும்புப் பெட்டியின் தலையில் அப்படி நான்கு நின்று எரிந்தால் அதுதான் எங்கள் ஆம்ப்ளிஃபயர். துணைத்தலைவர் குழந்தைவேலு, தொழில்நுட்ப ஆலோசகர் எர்னஸ்ட், தடித்த நாவல்களைப் படிப்பவன் என்ற ஒரே தகுதியால் செயலாளராகிவிட்ட நான், தலைவர் ஆக நால்வரும் ஹைடெக் பார்க்கில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் மாலை ஷிப்டு பார்க்கிறோம். வால்வை உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டிய டிரான்சிஸ்டர்களை மூன்று மணிக்கு மேல் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்வோம். மூன்று மணிக்கு முன்னால், அவற்றில் ‘உயிர் இல்லை’ என்று தீர்மானம் நிறைவேற்றுவோம். இரண்டிலும் எங்கள் நேர்மையை யாரும் சந்தேகித்ததில்லை.

பாட்டுக் கேட்பதற்கு உகந்த நேரம் காலை பத்து மணி. இது தலைவரின் கண்டுபிடிப்பு. அந்நேரம் தாமான்வாசிகள் வேலைக்குப் போய்விடுவார்கள். சோற்றுப் பானைகளும் இஸ்திரிப் பெட்டிகளும் ஓய்ந்து மின்சாரம் ‘சுத்தமாகும்’. மாலை மின்சாரத்தில் மீன் பொரியல் வாடை வருகிறது என்றார் ஒருமுறை. நாங்கள் மூவரும் முகர்ந்து பார்த்து ஆமோதித்தோம்.

இந்தச் சுத்தமான மின்சாரத்துக்கும் உமாராணி அக்காவின் தூக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர் இருந்தது. அக்கா வேறொரு தொழிற்சாலையில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரை நுண்ணோக்கியில் குனிந்து, நகத்தைவிடச் சிறிய சிப்புகளில் விரிசல் தேடுபவர். எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். குளித்து, சமைத்து, படுக்கும்போது பத்தாகும். போன மாதம் ஒரு ராத்திரி நுண்ணோக்கியின் மேலேயே தூங்கிப்போனார். இடது கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு கன்றிய தடமும் கையில் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தன. இன்னொரு முறை தூங்கினால் வேலை போய்விடும். ஆறு மாதம் தூங்காமல் தாக்குப் பிடித்தால் கடிதத்தைக் கிழித்துவிடுவார்களாம்.

ஆகவே அக்காவின் மனு அன்றைய கூட்டத்தின் ஒரே பொருளாயிற்று. இவ்வளவு ஜனநாயகம் வேறெந்த ஹாலிலும் நடந்திருக்காது. சத்தத்தைக் குறைக்க முடியுமா என்ற முதல் கோரிக்கை, வால்வின் சுயமரியாதையை முன்னிட்டு நிராகரிக்கப்பட்டது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாமே என்றார். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும் என்று எர்னஸ்ட் விளக்கினான். அன்று அந்த ஹாலில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். பெட்டியைப் பின்கட்டு ஸ்டோருக்கு மாற்றலாமே என்றதற்கு, வால்வுகள் பிரயாணத்தை விரும்புவதில்லை என்றார் தலைவர்.

“வால்வு கண்ணாடி, அண்ணி,” என்றார் குழந்தைவேலு, மிகுந்த கனிவோடு. “தூக்கிட்டுப் போனா ஒடஞ்சிரும். தூக்கம் கண்ணாடியா? எங்க வேணும்னாலும் கொண்டு போவலாம்.”

தூக்கத்தை இடம் மாற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. நான் அதை அழகான கையெழுத்தில் பதிவு செய்தேன். மறுநாளிலிருந்து அக்கா தலையணையோடு போர்ச்சில் நிற்கும் காடிக்குள், பின்சீட்டில் போய்ப் படுத்தார். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெயில் காடியைப் பிடித்துக்கொள்ளும். வியர்வையில் நனைந்து உள்ளே வருவார். நாங்கள் இன்னும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். மன்றத்தின் அமைதிக் கொள்கையை மதித்து அவர் விரல்நுனியில் நடந்து போவதைத் தலைவர் பெருமையோடு சுட்டிக்காட்டுவார்.

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆயுதபூஜை வந்தது.

அன்று அக்கா இரவு வேலை முடிந்து வந்து, குளித்து, வீட்டிலுள்ள ஆயுதங்களுக்கெல்லாம் பொட்டு வைத்தார். மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், அரைக்கும் மெஷின் எல்லாம் முடிந்து கடைசியாகச் சந்தனக் கிண்ணத்தோடு ஆம்ப்ளிஃபயர் முன் வந்து நின்றார். சந்தனம் முதல்நாளே கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தது. வால்வுகள் காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தன. அன்று விடுமுறை, தாமானே தூங்கிக்கொண்டிருந்ததால் மின்சாரம் விடியும்போதே சுத்தம். தலைவர் சுவிட்சை அணைத்து, அரை மணி நேரம் ஆறட்டும் என்றார்.

“நல்ல நேரம் இன்னும் அஞ்சு நிமிஷந்தாங்க இருக்கு,” என்றார் அக்கா. “அப்புறம் எமகண்டம். எமகண்டத்துலதான் வைக்கணும்னா வைக்கிறேன்.”

வால்வுகளுக்கு ஆறும் நேரம் உண்டு. ஆனால் ஒரு பண்பாட்டு மன்றத்தின் தலைவர் நல்ல நேரத்தை எதிர்த்துப் பேச முடியுமா? காளிதாசன் அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் காலண்டரைப் பார்த்தோம். காலண்டர் அக்காவின் பக்கம் இருந்தது.

முதல் பெரிய வால்வின் நெற்றியில் குளிர்ந்த சந்தனம் பட்டதும் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். பிறகு நாங்கள் நால்வரும் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். வால்வின் உச்சியில், கண்ணாடிக்கு உட்புறம், கண்ணாடி ரசம் போலப் பளபளவென்று ஒரு பூச்சு எப்போதும் இருக்கும். அந்த வெள்ளிப் பூச்சு ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்து, எங்கள் கண் முன்னாலேயே பால் வெள்ளையாகிவிட்டது. மூடிய கண்ணாடிக்குள், யார் கையும் படாமல்.

“திருநீறு,” என்றார் குழந்தைவேலு. “உள்ளுக்குள்ளேயே சாமி திருநீறு வச்சிருக்கு, அண்ணே.”

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எர்னஸ்ட் சிலுவை போட்டுக்கொண்டான். மதங்களைக் கடந்த அந்தத் தருணத்தில், நாள்தோறும் காலை பத்து மணிக்குப் பஜனை என்று குழந்தைவேலு முன்மொழிய, நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அக்கா குனிந்தார். பதினோரு வருடம் நுண்ணோக்கியில் பழகிய கண் அது.

“பொட்டுக்குக் கீழ பாருங்க, மயிர் மாதிரி ஒரு கோடு. விரிசல். காத்து உள்ள போயிருச்சு,” என்றார். “காத்து பட்டாத்தான் அது வெளுக்கும். எங்க லைன்ல இத ரிஜெக்ட்னு எழுதுவோம்.”

எர்னஸ்ட் கைப்பேசியில் தேடிப் பார்த்து, அக்கா சொன்னதே சரி என்றான். குழந்தைவேலு ஒரு வாரம் மன்றத்துக்கு வரவில்லை. சாமி குத்தம் ஒருபுறம், அறிவியல் மறுபுறம். இரண்டிலும் தோற்றவர் அவர் ஒருவர்தான்.

வால்வுகளைத் தனியாக மாற்றக் கூடாது. பொருத்தம் பார்த்து இணைத்த ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். அப்படியொரு ஜோடி ஐரோப்பாவிலிருந்து வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று. மன்றத்தின் இருண்ட காலம் என்று நான் குறிப்பேட்டில் எழுதியிருப்பது இதைத்தான். அந்த ஆறு வாரமும் அந்த வீட்டில் சத்தமே இல்லை. அக்கா கட்டிலில், காற்றாடிக்குக் கீழே, பத்திலிருந்து நாலு வரை தூங்கினார். கண்ணைச் சுற்றி இருந்த வட்டம் மறைந்துவிட்டது. ஒரு நாள் எனக்குத் தேநீர் கொடுக்கும்போது அவர் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டேன். எங்கள் பெட்டியில் நாங்கள் கேட்ட எதுவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

புது ஜோடி வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே அவசரக் கூட்டம். தலைவர் வெள்ளைக் கையுறை போட்டு, மூச்சை அடக்கி, வால்வுகளைக் குழியில் பொருத்தினார். பிறகு பராமரிப்பு விதிகளை வாசித்தார். புது வால்வு பழகுவதற்கு நூறு மணி நேரம் ஆகும். அதை ஒரேயடியாக வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான். அதற்குமேல் ஒரு நிமிடம் ஓட்டினாலும் ஆயுள் குறையும். எட்டு மணி நேரம் முடிந்ததும் யாரும் தொடாமல், பக்கத்தில் சத்தம் போடாமல், தானாக ஆறும்வரை விட்டுவிட வேண்டும். எரியும்போது ஆளில்லாமல் விட்டுப்போகவும் கூடாது, தீப்பிடித்துக்கொள்ளும்.

பத்து மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடியும். நாங்களோ இரண்டரைக்கே பஸ் பிடிக்க வேண்டியவர்கள். அதன் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. அப்போதுதான் அக்கா வேலை முடிந்து வாசலில் வந்து நின்றார், கையில் செருப்போடு. நாலு இரவுத் தொடர் வேலையில் அது மூன்றாவது இரவு.

“உமா, நீ பகல்ல வீட்லதான இருக்க,” என்றார் தலைவர். “சும்மா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டா போதும். பதிமூனு நாள்தான்.”

குழந்தைவேலு வழிமொழிந்தார். நான் எழுதத் தொடங்கினேன். அக்கா உள்ளே வந்து, என் குறிப்பேட்டின் மேல் குனிந்து, நான் எழுதியதைக் கடைசி எழுத்துவரை படித்தார்.

“எழுதுங்க, தம்பி. இதையும் சேத்து எழுதிக்குங்க,” என்றார். “என்ன நேத்து ஏழு மணிக்கு ஆன் பண்ணாங்க. பன்னெண்டு மணி நேரம் ஓடிட்டு வந்திருக்கேன். தொட்டுப் பாத்தா சூடு தெரியும். இந்த ஹால்ல நாலு பேரு, நாலு பேருக்குமே எத எப்ப நிறுத்தணும், எப்படி ஆற விடணும்னு தெரிஞ்சிருக்கு. யாராச்சும் ஒருத்தர் என்னையும் கொஞ்சம் ஆஃப் பண்ணி வைங்க.”