வாடகைக்கு நாற்பது ஆடு

“ஆடா? அதெல்லாம் போயி ரெண்டு மாசம் ஆவுது சார்” என்றார் சின்னராசு, பொட்டுக்கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

லாரன்ஸ் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை இறக்கினான். “போயிடுச்சின்னா?”

“போயிடுச்சி. தை மாசமே.”

“எல்லாமேவா?”

“எல்லாந்தான். ஊருல இப்ப ஒத்த ஆடு கெடையாது.”

அதற்கு மேல் கேட்க லாரன்ஸுக்குத் தைரியம் வரவில்லை. நோய் வந்து போனதோ, பொங்கலுக்கு விற்றுப் போனதோ, எப்படிப் போனாலும் போனது போனதுதான். அத்திக்காடு என்ற அந்த மலை ஊரில் அந்த நேரத்தில் திறந்திருந்த ஒரே கதவு சின்னராசுவின் பெட்டிக்கடைதான். பெண்கள் எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு பைக்கை உதைத்தான்.

லாரன்ஸ் கள்ளக்குறிச்சியில் இருக்கும் மலையோர மக்கள் பேரவையின் கள அமைப்பாளர். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பதுதான் பேரவையின் முக்கியமான வேலை. ரோடு போட்ட கணக்கு, ரேஷன் வந்த கணக்கு என்று கேட்டுக் கேட்டே மாவட்டத்தில் பேர் வாங்கியது. நடுவில் சென்னையிலிருந்து ஒரு நிதி வந்தது. அதில் அத்திக்காட்டு மகளிர் குழுவில் இருபது பேருக்கு, ஆளுக்கு இரண்டாக நாற்பது ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கொடுத்தது லாரன்ஸ்தான். ஆறு மாதம் கழித்து அறிக்கை கேட்டபோது மலையில் விடாத மழை. லாரன்ஸ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ‘ஆடுகள் அனைத்தும் நலமுடன் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

சண்டை அதற்குப் பிறகு வந்தது. பேரவையின் செயலாளர் தெய்வசிகாமணி புது பைக் வாங்கினார். பொருளாளர் விஜயலட்சுமி டீச்சர் அந்த பைக்கை ஒரு தடவை பார்த்தார், ஆட்டுக் கணக்கை ஒரு தடவை பார்த்தார். செயற்குழுவில் எழுந்து, “இந்த ஆடெல்லாம் காகிதத்துலதான் மேயுது” என்றார். தெய்வசிகாமணியும் எழுந்தார். “நேர்ல போய்ப் பாருங்க. ஆடு இல்லன்னா நான் பதவிய வுட்டுடறேன். இருந்தா நீங்க வுட்டுடணும்.” டீச்சர் ஒத்துக்கொண்டார். இருபது வருஷமாக ஒருவரையொருவர் ‘தோழர்’ என்று கூப்பிட்டவர்கள், அன்றிலிருந்து ‘சார்’, ‘மேடம்’ ஆகிவிட்டார்கள்.

டீச்சர் மலைக்கு வருவது வியாழக்கிழமை. லாரன்ஸ் முன்கூட்டிப் பார்த்துவிடலாமென்று வந்தது செவ்வாய்க்கிழமை.

வழியில் வெள்ளிமலை வந்ததும் சிக்னல் கிடைத்தது. தெய்வசிகாமணிக்குப் போன் போட்டான்.

“தோழர், ஆடு போயிடுச்சாம்.”

“போயிடுச்சின்னா?”

“நானும் அதத்தான் கேட்டேன்.”

“அறிக்கையில நலமுடன் இருக்குதுன்னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அந்தம்மா என்னிய மட்டுமில்ல, உன்னியும் சேத்துதான் வுடாது. இதோ பாரு லாரன்ஸு. பந்தல் வாடகைக்குக் கெடைக்குது, சேர் வாடகைக்குக் கெடைக்குது. ஆடு கெடைக்காதா?”

கிடைத்தது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார் பொன்னுரங்கம். பெரிய மந்தை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. தோளில் கம்பு, காதில் பாதி பீடி.

“பெரியவரே, நாப்பது ஆடு வேணும். ஒரு நாளைக்கு மட்டும். மலைக்கு ஏத்தணும்.”

“எந்த ஊருக்கு?”

“அத்திக்காடு.”

பொன்னுரங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அத்திக்காட்டுக்கா? நாப்பதா?”

“காரணம் எதுவும் கேக்காதீங்க. அங்க ஒரு டீச்சரம்மா வருவாங்க. யாரு ஆடுன்னு கேட்டா, அத்திக்காட்டுப் பொம்பளைங்க ஆடுன்னு சொல்லணும். அவ்ளோதான்.”

“அப்டிதான் சொல்லணுமா?”

“அப்டிதான் சொல்லணும்.”

“சொல்லிட்டா போச்சி. இதுல இன்னா கஷ்டம்?”

இவ்வளவு கூசாமல் பொய் சொல்ல ஒத்துக்கொள்கிற மனுஷரை லாரன்ஸ் அதுவரை பார்த்ததில்லை. பொய் சொன்னால் அவனுக்கு மூக்கு வேர்த்துவிடும்.

“லாரி நீயே கொண்டாந்துடு சார். குட்டிய வுட்டுட்டுத் தாய் வராது, குட்டிங்களும் வரும்.”

“அதுக்கு வாடகை ஜாஸ்தியா?”

“வாணாம். உனக்குப் போயி ஜாஸ்தி சொல்லுவனா” என்று சிரித்தார் பொன்னுரங்கம். ஆனால் பேசிய வாடகையை அங்கேயே வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

வியாழக்கிழமை டீச்சரின் பஸ் மேலே போய்ச் சேருவதற்குள் ஆடுகளை இறக்கி மேயவிட்டுவிடுவது என்பது திட்டம். லாரிக்குப் பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்து வயல்காரரின் டிராக்டரைக் கூப்பிட்டு, கயிறு கட்டி இழுத்துத் தள்ளி வண்டி கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. பொன்னுரங்கம் ஆடுகளோடு பின்னால் ஏறிக்கொண்டார். லாரன்ஸ் பைக்குக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டு, மலையடிவாரச் சோதனைச் சாவடியில் போய் லாரியைப் பிடித்தான்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார் விஜயலட்சுமி டீச்சர்.

“என்னா லாரன்ஸ், நீங்களும் இப்பதான் போறீங்களா? பஸ்ஸு வரல. நின்னுகினே இருந்தேன். இந்தத் தம்பி ஏத்திக்கினார். ஆடு லோடாம். அத்திக்காட்டுக்குதானாம்.”

லாரன்ஸுக்கு மூக்கு வேர்த்தது. “ஆமா டீச்சர். நம்ம ஆடுங்கதான்.”

“நம்ம ஆடுங்க லாரியில ஏன் போவுது?”

“தடுப்பூசி” என்றது வாய். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. “தடுப்பூசி போடக் கீழ கொண்டாந்தோம்.”

“நல்ல விஷயமாச்சே. லாரி வாடகை எந்தக் கணக்குல?”

“போக்குவரத்துல.”

“மூணு எடத்துல கொட்டேஷன் வாங்குனீங்களா?”

“ஆட்ட ஏத்தறதுக்கு இந்த ஒரு லாரிதான் டீச்சர் ஒத்துக்கிச்சி.”

“அப்ப அதுக்குக் காரணம் எழுதி ஒரு கடிதம் வச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு, டீச்சர் கைப்பையைச் சரிசெய்துகொண்டு முன்னால் பார்த்தார். லாரி நகர்ந்தது.

லாரன்ஸ் ஓரமாக நின்று தெய்வசிகாமணிக்கு மெசேஜ் அனுப்பினான். ‘தடுப்பூசி போட்டு வருதுன்னு சொல்லியிருக்கேன்.’ வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி அனுப்பிய மெசேஜ் அது. தெய்வசிகாமணி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். லாரி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வெள்ளிமலைக்கு வந்து சிக்னல் கிடைத்தபோது, பேரவையின் வாட்ஸப் குழுவில் எழுபது பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ‘நம் பேரவையின் மாபெரும் ஆட்டுத் தடுப்பூசி முகாம்’ என்று போட்டிருந்தார் செயலாளர். நிதி கொடுத்த சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வாழ்த்துச் சொல்லி, எந்த நோய்க்கான ஊசி, போட்ட டாக்டர் யார், படங்களோடு இன்றைக்கே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அடுத்த வருஷம் எல்லா மலை ஊர்களுக்கும் இதைச் செய்யலாமாம்.

லாரன்ஸ் போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டான்.

அத்திக்காட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. சின்னராசுவின் கடை பூட்டியிருந்தது. சரக்கு வாங்கச் சின்னசேலம் போயிருக்கிறார் என்று எதிர்வீட்டுக் குழந்தை சொன்னது. பெண்கள் வழக்கம்போல் கிழங்குக் காட்டில். ஆடுகளை இறக்கி ஊருக்கு வெளியே சரிவில் விட்டார் பொன்னுரங்கம். டீச்சர் நேராக அவரிடம் போனார்.

“ஐயா, இது யாரு ஆடு?”

“அத்திக்காட்டுப் பொம்பளைங்க ஆடும்மா.”

“நீங்க?”

“நான் மேய்க்கறவன்.”

“உண்மையத்தான் சொல்றீங்களா?”

“எம் புள்ளைங்க மேல சத்தியமா.”

லாரன்ஸ் பொன்னுரங்கத்தைத் திரும்பிப் பார்த்தான். வாடகை பேசும்போது சத்தியமெல்லாம் பேசவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவமும் தன் தலையில்தான் என்று நினைத்தான்.

டீச்சர் ஆடுகளுக்கு நடுவே நடந்தார். திருநாவலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஆடு தெரிந்தவர். ஒன்றின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். ஒன்றின் மடியைத் தடவிப் பார்த்தார். ஒரு குட்டி அவர் புடவைத் தலைப்பைச் சப்ப ஆரம்பித்தது. அதைப் பிடுங்காமல் அப்படியே நின்றார்.

பிறகு வந்து பலா மரத்தடியில் உட்கார்ந்தார்.

“தப்பு பண்ணிட்டேன் லாரன்ஸ். எவ்ளோ நல்லா வளத்திருக்காங்க. பைக்கப் பாத்துட்டு மனுஷன சந்தேகப்பட்டுட்டேன்.”

“பரவால்ல டீச்சர்.”

“ஞாயித்துக்கிழம பொதுக்குழுவுல தெய்வசிகாமணிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு பொறுப்ப வுட்டுடறேன்.”

“அதெல்லாம் வேணாம் டீச்சர். சும்மா கோவத்துல சொன்னது.”

“சொன்னது சொன்னதுதான். ஊரு கணக்கக் கேக்கறவ, சொன்ன சொல்லுக்கு நிக்கலன்னா எப்டி?”

லாரன்ஸ் தள்ளிப்போய் நின்றான். சந்தோஷப்பட வேண்டிய நேரம். வேலை தப்பித்தது, அறிக்கை தப்பித்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. பேரவையில் டீ வாங்கிய பில்லைக் கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஒரே ஆள் இந்த டீச்சர்தான். எல்லோரும் அவரைத் திட்டுவார்கள், லாரன்ஸும் திட்டியிருக்கிறான். ஆனால் கணக்கு என்றால் அவர் பார்த்திருப்பார் என்கிற தைரியத்தில்தான் எல்லோரும் மேடையில் ஏறி ஊர்க்கணக்கைக் கேட்டார்கள். பொய் சொன்னவன் வேலையில் இருக்க, உண்மையைச் சொன்னவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா?

திரும்பி வந்தான்.

“டீச்சர், இது நம்ம ஆடு இல்ல.”

“என்னது?”

“வாடகை ஆடு. கச்சிராயபாளையத்துல கிடையிலேர்ந்து ஓட்டியாந்தது. தடுப்பூசி போடல. அந்தப் பெரியவர் சொன்னதும் நான் சொல்லச் சொன்னது. சத்தியம் மட்டும் அவரா பண்ணாரு.”

“அப்ப அறிக்கை?”

“மேல வராமயே எழுதினேன்.”

“நாம குடுத்த ஆடு?”

“போயிடுச்சி டீச்சர்.”

“போயிடுச்சின்னா?”

“அது... நான் கேக்கல.”

“கேக்கலயா?”

“பயமா இருந்துச்சி.”

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைப்பில் ஆட்டுக்குட்டி சப்பிய ஈரத்தைப் பிழிந்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “ஞாயித்துக்கிழம இத அப்படியே எழுந்து நின்னு சொல்லணும். முழுசா. தெய்வசிகாமணிக்கு வெள்ளிமலை போனதும் நான் சொல்லிடறேன்.”

“சொல்றேன் டீச்சர்.”

“வேலை போகலாம்.”

“போகட்டும் டீச்சர்.”

சொல்லி முடித்ததும் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. இரண்டு நாளாக இறங்காத சோறு இப்போது வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் சரி, இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். டீச்சர் கைப்பையைத் திறந்து, வாழை இலையில் கட்டிய எலுமிச்சைச் சாதத்தை எடுத்து, பாதியை அவன் பக்கம் நகர்த்தினார். கோபம் போகாத முகத்தோடுதான் நகர்த்தினார். லாரன்ஸ் அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

கை கழுவிக்கொண்டு, வாடகை ஆடுகளை லாரியில் ஏற்றச் சொல்லி பொன்னுரங்கத்திடம் போனார்கள். அப்போதுதான் கிழங்குக் காட்டிலிருந்து பெண்கள் திரும்பி வருவது சரிவின் மேல் தெரிந்தது. யாரோ ஒருத்தி நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான். ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின, கத்தின, கும்பலாக ஊரைப் பார்த்து ஓடின.

“பிடிங்க, பிடிங்க” என்று லாரன்ஸ் பின்னாலேயே ஓடினான். “வாடகை ஆடு, ஒண்ணு கொறஞ்சாலும் நான்தான் குடுக்கணும்.”

ஆடுகள் அவனுக்காக நிற்கவில்லை. இரண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தன, இரண்டு அடுத்த வீட்டுக்குள். ஒன்று ஒரு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தள்ளிவிட்டு அதன் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. பொன்னுரங்கம் மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றார்.

டீச்சர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, மகளிர் குழுத் தலைவி கண்ணகி தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கறுப்பு ஆடு அவள் இடுப்பில் முகத்தைத் தேய்த்தது, அதன் குட்டி அவள் காலுக்கிடையில் புகுந்தது. இரண்டையும் தடவிக்கொடுத்தபடி அவள் லாரன்ஸையும் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. பொன்னுரங்கத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“இன்னாண்ணா, தை மாசம் எங்க ஆட்டக் கிடைக்கு ஓட்டிக்கினு போம்போது சித்திரையிலதான் திருப்பிக் கொண்டாருவேன்னு சொன்ன, இப்ப லாரி வச்சிக் கொண்டாந்து வுட்டிருக்கிற?”