மலை மேல பாதி பாட்டிலே போதும்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கல்வராயன் மலைக்குப் போய் மச்சானைக் கூட்டிக்கிட்டு வரணும்.

வெள்ளிக்கிழமை பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சாத்தான் அது காதுகுத்து. மச்சானோ வெள்ளிமலையில டீக்கடை போட்டுக்கிட்டு, "அந்தாளு வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்"னு இருந்தார். காரணம் நான்தான். பொங்கலுக்கு வந்த மனுஷனை ஏதோ பேச்சுவாக்குல "படிக்காத ஆளு"ன்னுட்டேன்.

சொன்னவன் எட்டாங்கிளாஸ்!

மத்த படிப்பெல்லாம் ரைஸ்மில்லுல ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்தப்போ படிச்சது. பொட்டலம் கட்டி வர்ற பேப்பரைக்கூட விடமாட்டேன். ஊரே தூங்கும்போது முழிச்சுக்கிட்டு இருக்கிறவனுக்கு, ஏதாவது ஒரு விஷயத்துலயாவது தான் ஒசத்தின்னு நெனைச்சுக்க வேணாமா?

"இந்தா பாரு, எங்கண்ணன் இல்லாம வூட்டுக்கு வராத"ன்னுட்டா வூட்டுக்காரி.

ராத்திரி டியூட்டி முடிச்ச கையோட, சாப்பிடாமக்கூட கிளம்பினேன். சமாதானத்துக்கு ஒரு முழு பாட்டில் பிராந்தி.

இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல் நடந்த வருஷங்கள் அது. எந்த நேரத்துல எந்தப் புளியமரத்தை வெட்டி ரோட்டுல சாய்ப்பாங்கன்னு கண்டக்டருக்கே தெரியாது. கள்ளக்குறிச்சியில ஏறின பஸ் மலையடிவாரத்துல, கச்சிராயபாளையத்தோட நின்னுபோச்சு. மேல போற லாரிக்காக ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். நானும் மஞ்சப்பையும். பைக்குள்ள பாட்டிலும்.

அப்பதான் அந்தப் பேப்பர் ஞாபகம் வந்துச்சு. பக்கோடா கட்டி வந்த பேப்பர். உயரமான எடத்துல காத்து கம்மியாம். நாக்குக்கு ருசி சரியாத் தெரியாதாம். ஒரு கிளாஸ் குடிச்சா ரெண்டு கிளாஸ் வேலை செய்யுமாம்.

யோசிச்சுப் பாருங்க! மலை மேல பாதி பாட்டிலே முழு பாட்டில் வேலை செய்யும்னா, மீதிப் பாதி வீண்தானே? அதுல தண்ணி கலந்தாலும் ருசியில தெரியப்போறதில்லையே?

வீணாப் போற பாதியை அங்கேயே குடிச்சேன். பாட்டிலைப் பக்கத்துக் குழாய்ல நிரப்பி மூடினேன். அறிவாளின்னு என்னை நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

மரவள்ளிக் கிழங்கு ஏத்தப் போன லாரி ஒண்ணுல தொத்தி மேல போய்ச் சேர்ந்தேன். பாட்டிலை நீட்டினேன். மச்சான் டம்ளர்ல ஊத்தி ஒரு வாய் குடிச்சார்.

"இன்னா மாப்ள இது?"

"பிராந்தி மச்சான்."

"யாரு வூட்டு கெணத்துல எறச்சது?"

"அது அப்படித்தான் இருக்கும் மச்சான். உயரத்துல நாக்கு மரத்துப் போயிரும். ருசி தெரியாது. நாலெழுத்து படிச்சவனுக்குத்தான் இதெல்லாம்..."

நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். லேட்டு!

"பன்னெண்டு வருஷமா இதே நாக்க வச்சிக்கினு இங்கதான் கீறேன். டீயில சக்கர கம்மியா இருந்தா மட்டும் கரீட்டா தெரியுது."

"பேப்பர்லயே போட்டிருந்தான் மச்சான்."

"எத்தினி அடி ஒசரத்துக்கு?"

"அந்த எடத்துல பக்கோடா எண்ணெய் பட்டிருச்சு."

கடையில இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. எனக்கு ரோஷம் வந்துருச்சு. "நிரூபிக்கிறேன் பாருங்க"ன்னு அந்தத் தண்ணிச் சரக்குல ஒரு டம்ளரை ஒரே மூச்சுல குடிச்சேன். எந்திரிச்சா டீக்கடை ஒரு பக்கமா சாயுது!

"பாத்தீங்களா! ஒரே டம்ளர்! மலை வேலை செய்யுது!"

மச்சான் கிட்ட வந்து மோந்து பார்த்தார். "கீழ எவ்ளோ ஏத்தினே?"

"அது கணக்குல வராது மச்சான். அது சமவெளி."

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாத்தான் ஞாபகம்.

அதே லாரியில கிழங்கு மூட்டை மேல என்னையும் போட்டு இறக்கினாங்க. கச்சிராயபாளையத்துக்கு மேல லாரி போகாது, ரோட்டுல மரம். மச்சான் வாடகை சைக்கிள் எடுத்து, என்னைக் கேரியர்ல உக்கார வச்சு, துண்டால தன் இடுப்போட சேர்த்துக் கட்டிக்கிட்டார். மரம் வந்தா அவிழ்க்கணும். என்னை ஒரு தடவை, சைக்கிளை ஒரு தடவை அந்தப் பக்கம் தூக்கிப் போடணும். திரும்பக் கட்டணும்.

மூணாவது மரத்துல மறியல்காரங்க நிறுத்தினாங்க. "நோயாளிய மட்டும்தான் வுடுவோம்."

"நோயாளிதாங்க."

ஒருத்தர் என் மூஞ்சிகிட்ட குனிஞ்சார். "நோயி கமகமன்னு கீதே! இன்னா நோயி?"

மச்சான் பெருமூச்சு விட்டார். "படிப்புங்க."

அவங்களே ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு என்னை மரம் தாண்ட வச்சாங்க.

கள்ளக்குறிச்சி வந்து சேரும்போது பொழுது சாய்ஞ்சிருந்துச்சு. வூட்டு வாசல்ல மச்சான் தயங்கி நின்னார். வைராக்கியமான மனுஷன். ஆனா நான் அவர் தோள்ல கிடக்கிறேன். என்னைப் பாயில போடணும்னா உள்ள வந்துதான் ஆகணும்.

வந்தார்.

வூட்டுக்காரி ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. "எங்கண்ணன நீ கூட்டியான்னா, எங்கண்ணன் ஒன்ன கூட்டியாந்து கீது!"

வெள்ளிக்கிழமை காதுகுத்து தாய்மாமன் மடியிலயே நடந்துச்சு.

நான் கத்துக்கிட்டது இதுதான்: கோவிச்சுக்கிட்டுப் போன சொந்தக்காரர் தானா வரலைன்னா, அவர் தூக்கிக்கிட்டு வர்ற நிலைமைக்கு நாம போயிடணும்.