எட்டும் ஆறும் ஓர் அலுமினியச் சட்டமும்

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட மனிதனுக்குப் பக்கத்தில் நிற்பது ஆபத்து. அவன் அதை உங்களுக்கும் கற்றுத் தராமல் விடமாட்டான். எழுபதுகளின் நடுப்பகுதியில் அப்படியொரு மனிதனாக யாழ்ப்பாணத்தில் உலாவியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அப்போது பட்டணத்தில் ஒரு கடையில் வேலை. புதுக் கட்டிடங்களுக்கு மேசை, கதிரை, திரைச்சீலை எல்லாம் தெரிந்தெடுத்து வாங்கிக் கொடுப்பது எங்கள் தொழில். உள்ளே மாட்டும் பெயர்ப்பலகைகள் என் பொறுப்பு. (வேறு எதையும் என்னை நம்பி விடவில்லை என்பதே சரியான விபரம்.) அதுவரை பெயர்ப்பலகை என்றால் எழுதி, நாலு ஆணி அடித்தால் முடிந்தது. நான் கொழும்புக்குப் போய் ஒரு வெளிநாட்டுப் படப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கதவோரம் ஓர் அலுமினியச் சட்டம், அதற்குள் எழுத்துத் தகடு. சட்டமெல்லாம் ஒரே அளவு, தகடெல்லாம் ஒரே அளவு. எந்தத் தகடும் எந்தச் சட்டத்துக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும். அன்றிலிருந்து என் கால் நிலத்தில் படவில்லை.

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு டொக்டர் சொந்தமாக நேர்சிங் ஹோம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அகப்பட்டார். இறக்குமதி இறுகிக் கிடந்த காலம். யன்னல் கண்ணாடி ஓடுகிற அலுமினியத் தவாளிப்புச் சட்டத்தைத் தேடிப் பிடித்து அளவாக அறுப்பித்தேன். தகட்டுக்கு ஹாட்போட் என்கிற அழுத்திய மரத்தூள் அட்டை, வெள்ளை எனாமல், கறுப்பு எழுத்து. படப்புத்தகத்தில் இருந்த ஒரு சாமான் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. தகடு வெளியே வராமல் சட்டத்தின் முனையில் மாட்டும் சிறு தடுப்பு.

"அப்ப ரெண்டு முனையிலையும் ஒரு ஸ்குரூ போட்டால் என்ன, தம்பி?" என்று டொக்டர் கேட்டார்.

"ஸ்குரூ போட்டால் பிறகு இது பழைய பலகைதானே டொக்டர். ஒரு விரலாலை மாத்தலாம் எண்டதுதான் இதின்ரை சிறப்பு."

அதோடு நின்றிருக்கலாம். சாப்பாடு, மருந்து, ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகும் தள்ளுவண்டி எல்லாமே இனி அறை இலக்கத்தைப் பார்த்து நடக்கட்டும் என்று ஆலோசனையும் சொன்னேன். டொக்டர் தலையாட்டினார்.

இதற்கிடையில் வீட்டில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் பத்மா, கொடிகாமத்து மரக்கறி மொத்த வியாபாரியின் மகள். சாதகம் பொருந்திவிட்டது. (அவளை ஒருமுறை பார்த்த எனக்கு அதற்கு முன்னரே பொருந்திவிட்டது.) "பெடியன் பொறுப்பானவனோ எண்டு பாத்துச் சொல்லுறன்" என்று அவளுடைய தகப்பன் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு 'ஓம்'மில் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் பிரஷர் கூடியது. சும்மா படுத்து ஆறட்டும் என்று நேர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். எட்டாம் இலக்க அறை. நான் ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு போய் நின்றேன். பத்மாவின் தாய் அறை வாசலில் கலங்கிப்போய் நின்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் போகிற மனுசி.

"எட்டு சனியன்ரை எண் தம்பி. வேறை அறை இல்லையோ?"

"இலக்கத்திலை என்னம்மா இருக்கு? இது வெறும் தகடு. இந்தா பாருங்கோ" என்று தகட்டை ஒரு விரலால் வெளியே தள்ளிக் காட்டினேன். திருப்பிப் போட்டேன். விளங்கியிருக்காது என்று நினைத்து இன்னொரு தரமும் செய்தேன். அவர் கண் வெட்டாமல் பார்த்தார். என்மேல் மதிப்புக் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர் அறையின் இலக்கம் ஆறு. ஆறுமுகனின் இலக்கம். அதற்குள் இருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு தபாலதிபர். மறுநாள் காலை அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன்.

மறுநாள் காலை நான் திரும்பவும் போனேன். விறாந்தையில் தள்ளுவண்டி ஒன்று எதிரே வந்தது. பச்சைத் துணி போர்த்துக்கொண்டு அதில் கிடந்தவர் பத்மாவின் தகப்பன்.

"ஐயா, எங்கை போறியள்?"

"தெரியாது தம்பி. இரா முழுக்கச் சாப்பாடில்லை. விடிய எனிமா தந்தவை. பிறகு வயித்தைச் சிரைச்சவை. பிரஷருக்கு உப்பிடித்தான் செய்யிறவையாக்கும்." வைத்தியர் செய்வதற்குக் குறுக்கே கதைக்கக்கூடாது என்று வளர்ந்த மனிதர்.

திரும்பிப் பார்த்தேன். அவருடைய கதவில் ஆறு. எதிர்க் கதவில் எட்டு. அதற்குள் தபாலதிபர் சொதி விட்டு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதைச் சிரித்துச் சொல்கிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. பிரஷர்காரரை மயக்கி, பழுதில்லாத வயிற்றைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் படப்புத்தகம் தேவையில்லை. வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நிப்பாட்டுங்கோ. இது அந்த ஆள் இல்லை."

டொக்டர் வந்தார். இரண்டு கதவையும் பார்த்தார். "ஆர் மாத்தினது?"

கதவுக்குப் பின்னால் பத்மாவின் தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். கண் நிறைந்திருந்தது. கட்டின புருசனைக் கத்திக்கு அனுப்பினவள் என்று ஊர் சொல்லும். நான் வாயைத் திறந்தால் அவருடைய மானம் போய்விடும். திறக்காவிட்டாலும் என் பலகைகள் போய்விடும்.

"நான்தான் டொக்டர். நேற்றுக் கழட்டிக் காட்டேக்கை மாறிப் போட்டிட்டன்." (இதில் வீரம் ஒன்றுமில்லை. கற்றுக் கொடுத்தவன் நான்தானே.)

டொக்டர் ஏசவில்லை. "ஸ்குரூ வாங்கிக்கொண்டு வாரும். நீரே பூட்டும்" என்றார். நோயாளிகளெல்லாம் பார்த்திருக்க ஒவ்வொரு தகடாக நானே பூட்டினேன். கடையில் என்னைத் திரைச்சீலைப் பக்கம் மாற்றினார்கள். அன்று அந்த இடத்திலேயே, வண்டியில் கிடந்தவர் மட்டும் தலையைத் தூக்கி, "அப்ப வெட்டு இல்லையோ? இடியப்பம் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார்.

கலியாணம் அதோடு சரி என்று படுத்துவிட்டேன். ஆனால் அடுத்த கிழமையே 'ஓம்' வந்தது. பத்மாவின் தாய்தான் எப்படியோ சம்மதிக்க வைத்திருக்கிறார் என்று நம்பினேன்.

அதன்பிறகு எந்த விசேஷத்திலும் மாமா அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. 'என்னை வெட்டக் குடுத்த மருமகன்' என்பதுதான் சபையில் என் பட்டம். எல்லோரும் சிரிப்பார்கள். மாமி மட்டும் சிரிக்கமாட்டார். மீனின் நடுத்துண்டை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைப்பார்.

பல வருடம் கழித்து, ஒரு ஞாயிறு காலை கொடிகாமம் சந்தையிலிருந்து இரண்டு பேரும் நடந்து வரும்போது மாமா சொன்னார்.

"தம்பி, அண்டைக்கு என்ரை அறைக் கதவு திறந்துதான் கிடந்தது."

நான் நின்றுவிட்டேன்.

"மனிசி முருகா முருகா எண்டு தகட்டை மாத்தினதைப் பாத்துக்கொண்டுதான் படுத்திருந்தனான். அதைப் பாத்து வயித்தை வெட்டுவினம் எண்டு எனக்கென்ன தெரியும்? நீங்கள் பழியை ஏத்துக்கொண்டதையும் வண்டியிலை கிடந்தபடி கேட்டனான். அண்டைக்கே யோசிச்சிட்டன், பொம்பிளையை உங்களுக்குத்தான் குடுக்கிறதெண்டு." கொஞ்சத் தூரம் நடந்தார். "அவளுக்குச் சொல்லிப்போடாதேயுங்கோ."

அன்று மத்தியானம் வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தார்கள். "என்னை வெட்டக் குடுத்தவர் இவர்தான்" என்று மாமா தொடங்கினார். மாமி வழக்கம்போல விளைமீனின் நடுத்துண்டை என் கோப்பையில் வைத்தார். நானும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.