போர்வைக்குள்ள ஒரு நடைப்பயணம்

ஏத்தம் பாதி ஏறியிருப்பேன். மூச்சு வாங்குது. "நேயர்களே, கால் கெஞ்சுது, ஆனா மனசு மிஞ்சுது. வலது பக்கம் வரிசையா மரங்கள். இடது பக்கம் இளஞ்சூரியன்"னு ரெக்கார்டர்ல உருகிக்கிட்டிருந்தேன். அந்த நேரம் பாத்து யாரோ வானத்தைத் தூக்கிட்டாங்க.

வானம் இல்லைங்க. போர்வை.

போர்வையோட முனையைப் பிடிச்சுக்கிட்டு என் பொண்டாட்டி நிக்கறா. உள்ள நான் கட்டில் மேல குப்புறக் கிடக்கேன். எனக்கு முன்னாடி ஒரு டீத்தட்டு. தட்டு நிறைய மீன் தொட்டிக் கூழாங்கல்லு. என் ரெண்டு கையிலயும் ஷூ.

அவ கத்தல. கத்தியிருந்தா பதிலுக்கு நானும் கத்திச் சமாளிச்சிருப்பேன். நிதானமா உத்துப் பாத்தா.

"மாத்திப் போட்டிருக்கீங்க. இடது கைல வலது ஷூ."

"இல்லம்மா, அது வந்து..."

"அதான் ரேடியோல நீங்க நொண்டிக்கிட்டே நடக்கற மாதிரி இருந்துச்சு. சுளுக்கோன்னு கவலைப்பட்டு தைலம் வேற வாங்கி வெச்சேன்."

"நீ வேலைக்குப் போகல?"

"கண் டாக்டர் இன்னிக்கு லீவு. டோக்கன் குடுக்க நான் எதுக்குன்னு திரும்பிட்டேன். நீங்க பாருங்க, டாக்டர் இல்லாமலே எனக்குக் கண்ணு திறந்துடுச்சு."

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்தேன்னு சொல்லிடறேன். எல்லாம் கலைத்தாகம்தான்.

எங்க ஊர் சமுதாய வானொலி ஒரு பூட்டுக் கடைக்கு மேல இருக்கு. ஒரே ரூம். சுவர் பூரா முட்டை அட்டை. எதிரொலி வராம இருக்கறதுக்காம். காலைல சுகாதாரம், மதியம் சமூகம், சாயங்காலம் கலை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. அங்க வாரம் ஒரு அரைமணி நேரம் நாடகத்துக்குன்னு ஒதுக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே போச்சு. கையில ஒரு சோக நாடகம் தயாரா இருந்துச்சு. முதல் காட்சியிலயே எல்லாரும் செத்துடுவாங்க. மீதி முழுக்க ஆவிங்க பேசும். உலகத்துல யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க.

என் பொண்டாட்டி அதைப் படிச்சுட்டு, "செத்தவங்க குடுத்து வெச்சவங்க, மீதியக் கேக்க வேண்டாம்"னா. அப்புறம், "எனக்கும் நாடகம் பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசைங்க"ன்னா. நான் சிரிச்சேன். சும்மா இல்ல, சோஃபாவுல உருண்டு சிரிச்சேன். "உனக்கு என்னம்மா தெரியும், நாடகம்னா அனுபவம் வேணும்"னேன். அவ துணி மடிக்கப் போயிட்டா. அன்னிக்கே நான் உஷாராகியிருக்கணும்.

நிலையத்தை நடத்தற அம்மாவை எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவோம். அக்கா கறாரா சொல்லிட்டாங்க.

"தம்பி, நாடக நேரம் வேணும்னா முதல்ல ஊருக்கு ஒரு நல்லது பண்ணுங்க. 'நடந்தா நல்லது' பிரச்சாரம் ஆரம்பிக்கறோம். தினமும் காலைல நடந்துக்கிட்டே பேசி ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க. நேயர்களும் கூடவே நடப்பாங்க."

வாய் சரின்னுடுச்சு. காலைக் கேக்கவே இல்ல.

முதல் நாள் நிஜமாவே நடந்தேங்க. தெருமுனை வரைக்கும். அங்க ஒரு நாய் என்னைப் பாத்துச்சு. நான் நாயைப் பாத்தேன். ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பிட்டோம். அப்புறம்தான் போர்வை, தட்டு, கூழாங்கல்லு. ஒரு பையைக் கசக்கினா காத்து. ஃபோன்ல பறவைச் சத்தம். கையால நடந்து நடந்து தோள்பட்டை போயிடுச்சு, அதனால மூச்சு வாங்கினது மட்டும் சுத்தமான நிஜம்.

பிரச்சாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஃபோன் மேல ஃபோன். "சார், உங்க நடையைப் படுத்துக்கிட்டே கேக்கறேன், உடம்பே லேசாயிடுச்சு"ன்னு ஒருத்தர். "நான் முடி வெட்டறவன் சார், கடையில உக்காந்தபடியே உங்ககூட ஏத்தம் ஏறிட்டேன்"னு இன்னொருத்தர். சுகாதாரத் துறை அதிகாரி அடுத்த தெரு ஆபீஸ்லேருந்து கார்ல வந்து, லிஃப்ட் இல்லாததால கார்லயே உக்காந்து, "உங்களால ஊரே நடக்குது"ன்னு கண்ணாடியை இறக்கிப் பாராட்டிட்டுப் போனாரு. ஊர்ல ஒருத்தரும் நடக்கல. நான் உள்பட. ஆனா பிரச்சாரம் வெற்றி.

இந்த நேரத்துலதான் போர்வை தூக்கப்பட்டுச்சு.

"ஏம்மா, நிலையத்துல சொல்லிடாத. நாடக நேரம் கை நழுவிடும். உன் கால்ல வேணா விழறேன்."

"விழாதீங்க, கால்னாலே உங்களுக்கு அலர்ஜி. நான் என்ன கட்டின புருஷனைக் காட்டிக் குடுக்கற ஆளா?"

"நிஜமா சொல்ல மாட்டியா?"

"சத்தியமா நீங்க ஏமாத்தறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொல்லப்போனா நானும் ஒத்தாசை பண்றேன். தட்டை நான் பிடிச்சுக்கறேன், உங்களுக்குத் தோள் வலிக்குதுல்ல."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க. பொண்டாட்டின்னா இவதான்னு மனசுக்குள்ள ஒரு சிலையே வெச்சேன்.

அன்னிலேருந்து போர்வைக்குள்ள ரெண்டு பேர். அவ கல்லை உருட்டுவா, நான் மரங்களை வர்ணிப்பேன். நாளாக ஆக அவ யோசனை சொல்ல ஆரம்பிச்சா.

"எப்பப் பாத்தாலும் மரமாவே இருக்குங்க. எதிர்ல யாராவது வரட்டும்."

"யாரு வருவா?"

"பக்கத்து வீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிடறேன். அவங்க குரல் தெருமுனை வரைக்கும் கேக்கும். உங்களை விட அதிக தூரம் போகும்."

டெய்லரம்மாவும் வந்துட்டாங்க. கட்டில்ல எடமில்லாம ஓரத்துல உக்காந்துக்கிட்டு, "என்ன தம்பி, காலங்காத்தால இவ்ளோ வேகமா?"ன்னு கேப்பாங்க. நான் படுத்துக்கிட்டே, "நின்னா உடம்பு துருப்பிடிச்சுடும்க்கா"ம்பேன். அவங்க சிரிப்பை அடக்க முடியாம என் தலையணையைக் கடிப்பாங்க.

அப்புறம் இன்னொரு யோசனை.

"ரெக்கார்டரை முன்னாடியே ஆன் பண்ணிடுங்க. முடிச்சதும் உடனே அணைக்காதீங்க."

"எதுக்கு?"

"வெட்டி ஒட்டும்போது நடுவுல போட காலிச் சத்தம் கொஞ்சம் வேணுமாம். அக்காதான் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல வெட்டறதைக் கூட எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்த வேலையையும் நானே பாத்துக்கறேன், நீங்க ஓய்வெடுங்க."

ஓய்வுங்கற வார்த்தையைக் கேட்டா நான் எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடுவேன். சரின்னுட்டேன்.

நாடக நேரம் யாருக்குன்னு சொல்ற நாள் வந்துச்சு. அயர்ன் பண்ணின சட்டை. பாக்கெட்ல நன்றியுரை. ரூம்ல கால் வைக்க எடமில்ல. அதிகாரி கூட மாடி ஏறி வந்து ஓரமா மூச்சு இரைக்க நின்னுக்கிட்டிருந்தாரு. அக்கா எழுந்தாங்க.

"நிறைய பேர் மாதிரிக்குன்னு ஒரு நாடகம் குடுத்தீங்க. ஒருத்தர் நாடகத்துல எல்லாரும் ஆவி. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. இதைக் கேளுங்க."

பட்டனைத் தட்டினாங்க. ஸ்பீக்கர்ல யாரோ ஒருத்தன் மூச்சு வாங்கறான். "நேயர்களே, கால் கெஞ்சுது, ஆனா மனசு மிஞ்சுது."

எங்கயோ கேட்ட குரல்.

"மாத்திப் போட்டிருக்கீங்க. இடது கைல வலது ஷூ."

ரூம் குலுங்கிச்சு. அரைமணி நேரமும் குலுங்கிச்சு. நான் தட்டைக் கேக்கறது, கல்லு குத்துதுன்னு அழறது, டெய்லரம்மா தலையணைக்குள்ள முக்கறது, "ஏத்தம் வேண்டாம்மா, இன்னிக்கு சமதரையா இருக்கட்டும்"னு நான் கெஞ்சறது. எல்லாம் இருந்துச்சு. அதிகாரி மூச்சு விட முடியாம சுவத்துல ஒரு முட்டை அட்டையைப் பிய்ச்சே எடுத்துட்டாரு.

"நாடகத்தோட பேரு 'நடக்காதவர்'. ஆக்கம் இவங்க"ன்னு அக்கா என் பொண்டாட்டியைக் காட்டினாங்க. "தன் நிகழ்ச்சியைத் தானே கிண்டல் பண்ணி நடிக்க ஒரு பெரிய மனசு வேணும் தம்பி. என்னமா நடிச்சிருக்கீங்க. நிஜமாவே ஒருத்தன் இப்படி ஏமாத்தியிருந்தா இந்த மாடிப்படியிலயே உருட்டி விட்டிருப்பேன். நடிப்புதானே?"

ரூமே என்னைப் பாக்குது. மாடிப்படி ரொம்பச் செங்குத்து.

"நடிப்புதாங்க்கா"ன்னேன்.

கைதட்டல். நாடக நேரம் அவளுக்கு.

வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன். "இதை எப்பம்மா எழுதின?"

"நான் எங்கங்க எழுதினேன்? நீங்க பேசினீங்க, நான் வெட்டினேன். நாடகம்னா அனுபவம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. உங்களோட குடும்பம் நடத்தறதை விட வேற என்ன அனுபவம் வேணும்?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே."

"ஏமாத்தறீங்கன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நடிக்கறீங்கன்னுதானே சொன்னேன்."

"சரி, எனக்கு என்ன இருக்கு?"

"கதாநாயகனே நீங்கதாங்க. அடுத்த பகுதியில அந்தாளு திருந்திடறாரு. நிஜமாவே நடக்கறாரு."

இப்ப தினமும் விடிகாலைல ரெக்கார்டரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அந்த ஏத்தத்தை நான் ஏறறேன். நிஜ ஏத்தம், நிஜக் கால். நாய் என்கூடவே வருது, அதுக்கும் வசனம் வெச்சிருக்கா. வீட்ல அவ போர்வைக்குள்ள கால் நீட்டிப் படுத்துக்கிட்டு, காதுல ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுட்டு ஃபோன் பண்றா: "ஏங்க, மூச்சு வாங்கறது செயற்கையா இருக்கு, கீழ இறங்கி இன்னொரு தடவை ஏறுங்க."

நீங்களே சொல்லுங்க, உங்க வீட்லயும் உங்களை வெச்சு இப்படி ஒரு நாடகம் ஓடிக்கிட்டிருக்கா, இல்ல எனக்கு மட்டும்தானா?