சுவத்துல பயிர் வெச்சவரு

மூக்கு அப்படியே என் மூக்குங்க. நீங்க கேக்கல, தெரியும். பேத்தி பொறந்து அஞ்சு நாள் ஆகுது, யாராவது கேக்கட்டும்னு எத்தனை நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது? நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வர்றா. வந்து படுக்க ஒரு காஞ்ச ரூம் வேணும். அது இல்ல. ஏன்னா எங்க வீட்டுல ஒரு மண்ணுக் கலைஞர் இருக்காரு. என் மாப்பிள்ளை.

இந்த ரகம் இப்ப தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க. நகத்துல மண்ணு இருக்கும், கழுவ மாட்டாரு. சிமெண்டுன்னு சொன்னா, எழவுச் செய்தி கேட்ட மாதிரி கண்ணை மூடிக்குவாரு. எந்தச் சுவத்தைப் பாத்தாலும் தட்டிப் பாத்து, "மூச்சு விட முடியாம தவிக்குது மாமா"ம்பாரு. பூமியைக் காப்பாத்தணும்னு தொண்ணூறு கிலோமீட்டர் போயி, லாரி பிடிச்சு, நாப்பது பிளாஸ்டிக் சாக்குல செம்மண்ணு கொண்டாந்து இறக்கிட்டு, நான் கடையில வாங்கிட்டு வந்த ஒத்தை பிளாஸ்டிக் பையைப் பாத்துப் பெருமூச்சு விடுவாரு. என்னத்தைச் சொல்ல?

பாப்பாவுக்குன்னு ஒதுக்குன ரூம்ல, சுவர் பூரா மண்ணும் வைக்கோலும் குழைச்சு அப்பி, மலை, ஆறு, நடுவுல கையை விரிச்ச ஒரு பெரிய அம்மான்னு சிற்பம் பண்ணாரு. பேரு 'தாய்மடி'. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா காயல.

"ஃபேனைப் போடலாமா மாப்பிள்ளை?"

"மண்ணு அதோட நேரத்துலதான் காயும் மாமா. நாம அவசரப்படுத்தக் கூடாது."

பாப்பாவும் அவ நேரத்துலதானே பொறந்தா? சுவர் காயட்டும்னு அவ காத்துக்கிட்டா இருப்பா?

அவ பொறந்த மறுநாள் சுவர் முளைச்சிடுச்சு. ஆமாங்க, முளைச்சிடுச்சு. வைக்கோல்ல நெல்லு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, இவரு உதறாமலே குழைச்சிருக்காரு. தாய்மடி முழுக்கப் பச்சைப் பசேல்னு நாத்து. அந்த அம்மா காதுக்குள்ளகூட ரெண்டு. பக்கத்து வீட்டுக் கொத்தனார் எட்டிப் பாத்துட்டு, "ஆடு மாடு உள்ள வராமப் பாத்துக்குங்க"ன்னுட்டுப் போனாரு. மாப்பிள்ளைக்குக் கோவமா வந்துச்சு? கண்ணு கலங்கிடுச்சு. "பாத்தீங்களா மாமா, உயிரு!" அன்னையில இருந்து மூணு வேளையும் தண்ணி தெளிக்கிறாரு. காய வேண்டிய சுவத்துக்கு!

மக போன்ல தீத்துச் சொல்லிட்டா. "அப்பா, ஒண்ணு நாத்து, இல்ல நாங்க. அந்த ஈரத்துல பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன்."

சிரிக்கிறீங்க. உங்க வீட்டுலயும் ஒரு மூலை இருக்கும், யாரும் கை வைக்கக்கூடாதுன்னு நீங்க பொத்திப் பொத்தி வெச்சிருக்கிறது. வீட்டு ஆளுங்க அதைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டு இருப்பாங்க. கேட்டுப் பாருங்க. நேத்து மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம், பூராத்தையும் பிடுங்கிடலாம்னுதான் நான் உள்ள போனேன். ஒவ்வொரு நாத்து நுனியிலயும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதுங்க. நானும் ரெண்டு கை தெளிச்சிட்டு வந்துட்டேன். உஷாரா இருங்க, இது ஒட்டிக்கும்.

இன்னைக்குக் காலையில மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கேட்டுட்டேன்: "மாப்பிள்ளை, நாளைக்குப் பிள்ளை வருது. தொட்டிலை எங்க கட்டுறது?"

அவரு திரும்பக்கூட இல்ல, தெளிச்சுக்கிட்டே சொன்னாரு: "நாத்துல கதிர் வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரியிலயே வெச்சுக்குவாங்களான்னு கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன் மாமா."