தேங்காய்ப்பால் தயிர்

எங்கள் வீட்டில் கோதுமைக்கும் பாலுக்கும் தடை போட்டவன் நான்தான். மகன் ஹரிஷுக்கு ஆறு வயது. ஆட்டிசம். இந்த இரண்டையும் நிறுத்தினால் பேச்சு வரும் என்று ஒரு வீடியோ சொன்னது. அன்றே பிஸ்கட், பரோட்டா, தயிர் எல்லாம் வெளியேறின. பிள்ளை தொடாததை நானும் தொடமாட்டேன் என்று அறிவித்தேன். மனைவி மோகனப்பிரியா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் பயப்படுவது வழக்கம். அன்று மறந்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், ஹரிஷ் சாப்பிடுவதே தயிர்சாதமும் பிஸ்கட்டும்தான். தட்டைத் தள்ளினான். இளைத்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் வேலைக்கு நடுவே, தேங்காய்ப்பாலில் தயிர் செய்யக் கற்றேன். முதல் தயிரைத் துப்பினான். அடுத்ததையும் துப்பினான். பிறகு ஒருநாள் வழித்துச் சாப்பிட்டான். கைப்பக்குவம் வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். அவனுக்குப் பத்தாதே என்று நான் ஒரு துளிகூட நாக்கில் வைத்ததில்லை. தினமும் நானே பிசைந்து ஊட்டினேன்.

அடுத்த மாதம் ஹரிஷ் என் லுங்கியை இழுத்து, "தண்ணி" என்றான். முதல் வார்த்தை. நான் சமையலறையிலேயே அழுதுவிட்டேன்.

டயட்டைத் தொடர்வதா, விடுவதா என்று முடிவு செய்ய, ஹரிஷைப் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்ட சிதம்பரத்து டாக்டர் வரச் சொல்லியிருந்தார். கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து அவளை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.

"நிறுத்தச் சொன்னா என்னடி பண்றது?"

"நிறுத்திடலாம் மாமா."

"வந்த வார்த்தை போயிடுச்சுன்னா?"

"போவாது."

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஜன்னல மூடுங்க, புழுதி வருது."

இருந்துச்சு என்றாளே, அதை நான் கவனிக்கவில்லை.

டாக்டர் சந்திரலேகா ஹரிஷை எடைமேடையில் நிறுத்தினார். எடை கூடியிருந்தது.

"எல்லாம் டயட்டுதான் மேடம்," என்று ஆரம்பித்தேன். "சாப்பிடறான், தூங்கறான், தண்ணி கேக்கறான். தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லாதீங்க."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். "சொல்லிடலாமா?"

"மாமா, நீங்க இத்தன நாளா ஊட்டுனது பசும்பால் தயிரு."

"நம்ம டப்பாவுல இருந்ததா?"

"ஆமா. ரெண்டு மாசமா ஒற ஊத்தறது நானு."

"அப்ப நான் செஞ்சது?"

"பக்கத்து வூட்டு பட்டம்மாக்கா முருங்கைக்கு ஊத்திட்டேன். நல்லா காய்க்குது."

"பிஸ்கட்டு?"

"அதுவும் குடுத்தேன்."

டாக்டர்தான் இதற்கு மூளை. "டயட்ட நிறுத்தினது தெரிஞ்சிருந்தா, பையன் தும்மினாக்கூட பால்தான் காரணம்னு சொல்லியிருப்பீங்க. அதான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னேன். இப்ப நீங்களே நல்லா இருக்கான்னு சாட்சி சொல்லிட்டீங்க. பாலும் கோதுமையும் சாப்பிடறப்பதான் அந்த வார்த்தை வந்திருக்கு. நல்லா சாப்பிடட்டும். பேச்சுப் பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க."

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்கேயும் போகாது என்று தெரிந்ததும் எனக்கு உயிரே திரும்பி வந்தது. அவளும் இத்தனை நாள் தனியாகத்தானே பயந்திருப்பாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், ராஜாவைப்போல் பெஞ்சில் உட்கார்ந்தேன். "மாஸ்டர், பால் ஜாஸ்தியா ஒரு டீ, ரெண்டு பன்னு."

"அண்ணே, அது வேணாம்," என்றாள் அவள். "பையனுக்குப் பாலும் பன்னும் குடுங்க. எனக்கு டீ. இவருக்கு வரக்காப்பி."

"ஏன்டி, டயட்டதான் நிறுத்தியாச்சே?"

இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்த என் பெல்ட்டை அவள் பார்த்தாள்.

"அவனுக்கு நிறுத்தியாச்சு மாமா. உங்களுக்குத்தான் நல்லா வேல செய்யுது."