பாலத்தில் தும்மாதீர்

ஏழு குன்றுகளுக்கும் ஓர் ஆற்றுக்கும் நடுவே கொன்றை நாடு இருந்தது. அதற்கு அரசர் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. இரண்டும் ஒரே முடிவைத் தந்ததால் யாருக்கும் சிரமம் இல்லை.

ஆற்றின்மேல் ஒரு மரப்பாலம். இக்கரையில் ஊர், அக்கரையில் சந்தை. பாலத்தில் அறுபது பலகைகள், பாதி உளுத்தவை. எதை மிதிக்கக் கூடாது என்று மக்களுக்குத் தெரியும். அரசருக்குத் தெரியாது. ஒரு நாள் பதினேழாம் பலகை முறிந்து அவருடைய இடதுகால் முழங்கால்வரை உள்ளே போனது. காலை வெளியே இழுத்துவிட்டார்கள். செருப்பு ஆற்றோடு போயிற்று.

விசாரணைக் குழு அமைந்தது. தலைவர், பாதுகாப்பு அமைச்சர் அம்பலவாணர். பலகை மாற்றும் பொறுப்பும் அவருடையதே. குழு நாற்பது நாள் ஆராய்ந்தது. அரசர் பாலத்தில் கால் வைத்த வேளையில் யாரோ ஒற்றைத் தும்மல் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அறிக்கை தந்தது.

கொன்றை நாட்டில் இது சாதாரண விஷயமல்ல. கிளம்பும்போது ஒரு தும்மல் கேட்டால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். இரண்டாவது தும்மல் வந்துவிட்டால் கவலையில்லை. முதல் தும்மலின் கேடு அதோடு தீர்ந்தது. எந்த ஊரிலும் ஆபத்துகள் ஏராளம். பயப்படுவதற்கு ஊர் அவற்றில் சிலவற்றைத்தான் எடுத்துக்கொள்ளும். பழி போட ஆள் கிடைக்கும் ஆபத்துகளுக்கு முதலிடம்.

ஆள் கிடைத்தாள். பாலத்தடியில் மிளகாய் மில் வைத்திருந்த ராக்காயி. மில்லும் இரண்டு மகள்களும்தான் அவளுக்கு இருந்தவை. அமைச்சர் நேரில் வந்தார்.

“தங்கள் நிலையத்திலிருந்து வெளியேறும் காரமே இந்நாட்டுத் தும்மல்களின் ஊற்றுக்கண்.”

“அய்யா, பலகை உளுத்துப்போச்சு. குச்சிய வச்சுக் குத்துனா உள்ள போகுது.”

“அதே பாலத்தில் முந்தைய நாள் எத்தனை பேர் நடந்தார்கள்?”

“ஊரே நடந்துச்சு.”

“விழுந்தார்களா?”

“இல்ல.”

“ஆக, பலகை குற்றமற்றது.”

மில்லுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எப்பங்கய்யா தெறந்து விடுவீக?”

“பாலம் பாதுகாப்பானது என்று நான் அறிவிக்கும் நாளில்.”

“அப்ப பலகைய மாத்துங்க.”

“மாற்றினால் பலகையில் குறை இருந்ததென்றாகும். அறிக்கை பொய்யென்றாகும். அறிக்கையில் அரசர் கையெழுத்து இருக்கிறது. யோசித்துப் பேசுங்கள்.”

தும்மல் தடைச் சட்டம் வந்தது. பிரிவு ஒன்று: பாலத்திலும் அதன் அருகிலும் தும்மக் கூடாது. பிரிவு இரண்டு: பாலத்தைச் செப்பனிடுவது அறிக்கையை அவமதிப்பதாகும். பிரிவு மூன்று: பாலத்தில் ஒற்றைத் தும்மல் கேட்டால், தும்மிய அதே மூக்கு மறுபடி தும்மும்வரை அனைவரும் இருந்த இடத்தில் உட்கார வேண்டும்.

மில் பூட்டியதால் வீடுதோறும் மிளகாய் இடித்தார்கள். ஊர் முழுக்கத் தும்மியது. மிளகாய் இடிக்கத் தடை வந்தது. குழம்பு வெளுத்தது. சளி பிடித்தவர்கள் சந்தைக்குப் போக முடியவில்லை. இதற்கிடையே ஓர் ஆடும், ஒரு தையற்காரரும் பாலத்தில் விழுந்தார்கள். விழும்போதெல்லாம் தும்மியவரைத் தேடினார்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் கிடைத்தார். அவர் எப்போதும் கீழத்தெருக்காரராக இருந்தார். மேலத்தெருவில் யாருக்கும் ஜலதோஷம் வந்ததாகப் பதிவே இல்லை.

ஒரு காலையில் ராக்காயி முறிந்த பதினேழாம் பலகைக்கு மஞ்சள் துணி கட்டினாள். குங்குமம் வைத்தாள். ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள். வண்டிக்கார ஒச்சப்பன் மாட்டை நிறுத்தினான்.

“என்னத்தா இது, சாமியா?”

“பலகையம்மன்.”

“நேத்து இல்லையே.”

“நேத்து இல்ல. இன்னைக்கு இருக்கு. வேணும்னா மிதிச்சுப் பாரு.”

“எனக்கெதுக்குத்தா வம்பு,” என்று ஒச்சப்பன் வண்டியை ஒதுக்கி ஓட்டினான்.

“அம்மனுக்கு என்ன பிடிக்கும்?” என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“பலகைதான். தேக்குன்னா ரொம்ப இஷ்டம்.”

கால் தேறிய தையற்காரர் முதல் காணிக்கை செலுத்தினார். பலகையை வைக்க அம்மன் பக்கத்தில்தான் இடம். ஆணி அடித்து வைத்தார். தும்மல் ஆய்வாளர் பொன்னுரங்கம் ஓடி வந்தார்.

“யாருய்யா பாலத்த ரிப்பேர் பண்றது?”

“ரிப்பேரா? நேர்த்திக்கடன் சார்.”

ஆய்வாளர் சட்டத்தைப் புரட்டினார். நேர்த்திக்கடனுக்குத் தடை இல்லை. தேர்தல் ஆண்டில் அப்படியொரு தடையை எழுத யாரும் துணியமாட்டார்கள் என்றும் அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினார்.

“டிரான்ஸ்ஃபருக்கெல்லாம் கேக்குமா?”

“கேட்டுப் பாருங்களேன்.”

மறுநாள் அவர் இரண்டு பலகை கொண்டுவந்தார்.

பிள்ளைப்பேறு, கல்யாணம், வழக்கு, மாட்டுக்கு வயிற்றுப்போக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. பழைய பலகைகளை மேளத்தோடு ஆற்றில் விட்டார்கள். மூன்று மாதத்தில் அறுபதும் புதிதாயின. பாலத்தில் யாரும் விழவில்லை.

அமைச்சர் வெற்றி விழா அறிவித்தார். மேடையில் சாமந்தி மாலையோடு நின்று பேசினார்.

“பலகை அதே பலகை. பாலம் அதே பாலம். தும்மலை ஒழித்தோம், விபத்து ஒழிந்தது. பாலம் பாதுகாப்பானது என்று அறிவிக்கிறேன்.”

ராக்காயி முன்னால் வந்தாள். “அறிவிச்சிட்டீக. சாவியக் குடுங்க சாமி.”

“மில் மூடியதால்தானே பாலம் பாதுகாப்பானது? திறந்தால் ஆகாதே,” என்றார் அமைச்சர். கூட்டம் கைதட்டப் பணிக்கப்பட்டது. தட்டியது.

பிறகு அமைச்சர் பாலத்தில் நடந்தார். பின்னால் அரசர், புதுச் செருப்போடு. அதற்கும் பின்னால் மந்திரிசபை. பதினேழாம் பலகையருகே அமைச்சர் குனிந்து கும்பிட்டார். மாலை மூக்கில் உரசியது. அவர் தும்மினார்.

ஒன்று.

அரசர் உட்கார்ந்தார். மந்திரிசபை உட்கார்ந்தது. தண்ணீர் வந்தது, குடித்தார்கள். இரண்டாவது தும்மல் வரவில்லை. அமைச்சர் சூரியனைப் பார்த்தார். மூக்கில் துணியைத் திரித்து விட்டார். சாமந்தியை முகர்ந்தார். வரவில்லை. வெயில் ஏறியது. அரசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராக்காயி,” என்று கரையைப் பார்த்து அழைத்தார் அமைச்சர். “கொஞ்சம் மிளகாய்ப்பொடி இருக்குமா?”

“ஊருல ஏது சாமி பொடி? இடிச்சாக் குத்தமாச்சே. மில்லு வேற பூட்டிக் கெடக்கு.”

“ஓட்டினால்?”

“ஓடும். பூட்டுனவுகதான் தெறக்கணும்.”

அரசர் தொண்டையைச் செருமினார். அமைச்சர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அரசர் வழியாக, மந்திரிசபை வழியாக, உட்கார்ந்தபடியே கைமாற்றி அனுப்பினார்.

ராக்காயி அவசரப்படவில்லை. மில்லைத் திறந்தாள். ஒட்டடை அடித்தாள். மகள்கள் வறுத்த மிளகாயைக் கொட்டினார்கள். இயந்திரம் உறுமியது. காற்று பாலத்துப் பக்கம் வீசியது.

அமைச்சர் தும்மினார். மந்திரிசபை தும்மியது. கரையில் ஊர் தும்மியது. அரசரும் தும்மினார். அவர் ஒரே ஒரு தடவைதான் தும்மினார். குறிப்பேட்டில் ஆய்வாளர் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

சட்டம் இன்னும் இருக்கிறது. மில்லும் ஓடுகிறது. மறு வருடம் வடக்கே அணையில் விரிசல் விட்டது. அம்பலவாணர் தலைமையில் குழு அமைந்தது. அணைப் பக்கம் யார் யார் பூனை வளர்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கியிருக்கிறது.

வடக்கேயிருந்து ஆட்கள் ராக்காயியைத் தேடி வந்தார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“விரிசல் எம்புட்டு நீளம்? மஞ்சத் துணி கிழிக்கணும்.”